கன்று தொங்கும் தொட்டி

1973-ல் விண்ணில் சுற்றிய ஸ்கைலேப் நிலையத்தின் உட்புறக் காற்றைச் சோதித்தபோது, அதில் 107 வகை வேதிப்பொருள்களின் ஆவி கலந்திருப்பதை நாசா விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள். எதுவும் வெளியிலிருந்து வந்ததல்ல. பிளாஸ்டிக், பசை, பெயின்ட், மின்கம்பி உறை என நிலையத்துக்குள் இருந்த பொருள்களே கசியவிட்டவை. ஜன்னலைத் திறக்க வழியில்லாத இடத்தில் வீரர்கள் வாரக்கணக்கில் சுவாசித்த காற்று அது.

அதே ஆண்டு பூமியில் எண்ணெய் நெருக்கடி. ஏசிக்கும் ஹீட்டருக்கும் ஆகும் செலவைக் குறைப்பதற்காக அமெரிக்காவில் கட்டடங்களை இண்டு இடுக்கு இல்லாமல் அடைத்துக் கட்டத் தொடங்கினார்கள். மின்சாரம் மிச்சமானது. உள்ளே வேலை பார்த்தவர்களுக்கோ கண் எரிச்சல், தலைவலி, தொண்டைக் கமறல். விண்வெளி நிலையத்தின் சிக்கல் அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் இறங்கி வந்துவிட்டது.

மிசிசிப்பி மாநிலத்தில் உள்ள நாசா மையத்தில் பணியாற்றிய பில் வுல்வர்ட்டன் இதற்குச் செடிகளிடம் விடை தேடினார். காற்றுப் புகாத சிறிய பெட்டிகளுக்குள் செடியை வைத்து, ஃபார்மால்டிஹைடு ஆவியைச் செலுத்தி, சில மணி நேரம் கழித்து எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று அளந்தார். அவர் எடுத்துக்கொண்டவை மூன்று செடிகள்: நம் வீடுகளில் பாட்டிலில் வளரும் மணி பிளான்ட், அம்பு வடிவ இலை கொண்ட சிங்கோனியம், ஸ்பைடர் பிளான்ட். 1984-ல் முடிவுகள் வெளியானபோது முதலிடத்தில் இருந்தது ஸ்பைடர் பிளான்ட். இலைப் பரப்புக்கு ஏற்பக் கணக்கிட்டால் மற்ற இரண்டையும்விட அதிக ஆவியை அது அகற்றியிருந்தது.

அந்த ஒரு முடிவுதான் இன்றுவரை இந்தச் செடியை விற்றுக்கொண்டிருக்கிறது. சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலை நர்சரியானாலும் ஆன்லைன் கடையானாலும், பச்சையும் வெள்ளையுமாகக் கோடு போட்ட இந்தச் செடியோடு ‘காற்றைச் சுத்திகரிக்கும்’ என்ற வாசகமும் சேர்ந்தே வருகிறது. ஒரு தொட்டி வாங்கி டி.வி. பக்கத்தில் வைத்துவிட்டால் வீட்டுக் காற்று சுத்தமாகிவிடும் என்று நம்பி வாங்குகிறவர்கள் ஏராளம்.

வாங்கலாம், தாராளமாக வாங்கலாம். ஆனால் எதற்காக வாங்குகிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும். ஏனென்றால் இந்தச் செடியின் உண்மையான நன்மைகள் விளம்பரத்தில் சொல்லப்படுவதே இல்லை.

பெட்டிக்குள் நடந்ததும் அறைக்குள் நடப்பதும்

நம் வீட்டில் ஃபார்மால்டிஹைடுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். புதிதாக மாடுலர் கிச்சன் போட்ட வீட்டுக்குள் நுழைந்ததும் மூக்கைக் கரிக்கும் நெடியில் அதுவும் இருக்கிறது. பார்ட்டிகிள் போர்டு, எம்.டி.எஃப். பலகைகளை ஒட்டும் பசையிலிருந்து அது மாதக்கணக்கில் கசியும். வெயிலும் புழுக்கமும் ஏற ஏறக் கசிவும் கூடும். நம் ஊர்த் தட்பவெப்பத்துக்கு இது நல்ல செய்தி அல்ல. கொசுவர்த்திச் சுருளின் புகையிலும் இதே பொருள் உண்டு. ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் 75 முதல் 137 சிகரெட் வரை புகைத்தால் வரக்கூடிய நுண்துகள்களை வெளியிடுகிறது. ஃபார்மால்டிஹைடு 51 சிகரெட்டுக்குச் சமமாக வரக்கூடும். சீனாவிலும் மலேசியாவிலும் விற்ற சுருள்களைக் கொளுத்திச் சோதித்த ஆய்வு 2003-ல் சொன்ன கணக்கு இது. ஃபார்மால்டிஹைடை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004-ல் வகைப்படுத்தியது.

அந்த நஞ்சை ஸ்பைடர் பிளான்ட் உண்மையிலேயே உள்ளிழுக்கிறதா? இழுக்கிறது. 1994-ல் ஜெர்மானிய விஞ்ஞானிகள் கதிரியக்க அடையாளமிட்ட ஃபார்மால்டிஹைடை இந்தச் செடிக்குக் கொடுத்து, அதன் கார்பன் எங்கே போகிறது என்று பின்தொடர்ந்தார்கள். அது சர்க்கரையாகவும், அமினோ அமிலமாகவும், கரிம அமிலமாகவும், செல்சுவரின் பகுதியாகவும் மாறியிருந்தது. நஞ்சைச் சேமித்து வைக்காமல் தன் உடம்பாகவே மாற்றிக்கொள்கிற வல்லமை இந்தச் செடிக்கு இருப்பது ஆய்வகத்தில் உறுதியான உண்மை.

இதில் பங்கு இலைக்கு மட்டுமல்ல. இந்தியானா மாநிலத்தில் தாட் கோடிஷ் 1989-ல் நடத்திய சோதனையில், ஸ்பைடர் பிளான்ட்டின் இலைகளை முழுக்க வெட்டிய பிறகு ஃபார்மால்டிஹைடு இன்னும் அதிகமாகக் குறைந்தது. இலை மறைக்காமல் தொட்டி மண் காற்றில் பட்டதே காரணம் என்று கருதப்பட்டது. வேரைச் சுற்றியுள்ள மண்ணும் நுண்ணுயிர்களும் வேலையில் பெரும்பங்கு எடுத்துக்கொள்கின்றன என்ற முடிவுக்கு வுல்வர்ட்டனும் வந்திருந்தார்.

எல்லாம் சரி. சிக்கல் அளவில் இருக்கிறது. சோதனைப் பெட்டியில் காற்று வெளியே போகவும் இல்லை, உள்ளே வரவும் இல்லை. ஒருமுறை செலுத்திய ஆவியைச் செடி தன் போக்கில் மணிக்கணக்காக உறிஞ்சியது. வீடு அப்படியில்லை. பலகை கசிந்துகொண்டே இருக்கும். கதவிடுக்கு, ஜன்னலிடுக்கு வழியே காற்றும் மாறிக்கொண்டே இருக்கும். அந்தக் காற்று மாற்றத்தின் வேகத்துக்கு முன்னால் செடியின் வேகம் மிகச் சிறியது. பிலடெல்ஃபியாவில் உள்ள டிரெக்சல் பல்கலைக்கழகத்தின் பிரையன் கம்மிங்ஸ், மைக்கேல் வாரிங் இருவரும் முப்பது ஆண்டுகளில் வெளியான 12 ஆய்வுகளின் 196 சோதனை முடிவுகளை ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவந்து 2019-ல் கணக்குப் போட்டார்கள். கட்டடத்தில் இயல்பாக நடக்கும் காற்று மாற்றத்துக்கு ஈடாக வேண்டுமானால், ஒரு சதுர மீட்டர் தரைக்கு 10 முதல் 1,000 செடிகள் வேண்டும் என்று விடை வந்தது.

நம் வீட்டுக்கு இதைப் பொருத்திப் பார்க்கலாம். பத்துக்குப் பத்து அடி அறை என்பது சுமார் 9.3 சதுர மீட்டர். குறைந்தபட்சக் கணக்கிலேயே 93 தொட்டிகள் வேண்டும். கட்டில் போட இடமிருக்காது.

டெல்லி நேரு பிளேஸில் கமல் மீட்டல் நடத்திய அலுவலகக் கட்டடத்தை, செடியால் காற்று சுத்தமாகும் என்பதற்கு உதாரணம் காட்டுவோர் உண்டு. 2009-ல் அவர் நிகழ்த்திய டெட் உரை உலகம் முழுக்கப் பேசப்பட்டது. அவரே சொன்ன கணக்குப்படி அங்கே 300 பேருக்கு 1,200 செடிகள். ஆளுக்கு நான்கு, அவற்றில் தோள் உயரத்துக்கு வளர்ந்த அரேக்கா பனைகளும் உண்டு. ஜன்னலோரத்து ஒற்றைத் தொட்டிக்கும் அந்த ஏற்பாட்டுக்கும் ஒப்பீடே கிடையாது.

‘இரவில் ஆக்சிஜன் தரும் செடி’ என்று சொல்லி விற்பதும் நடக்கிறது. வெளிச்சம் இல்லாவிட்டால் ஒளிச்சேர்க்கை இல்லை. இரவில் ஸ்பைடர் பிளான்ட்டும் நம்மைப் போலவே ஆக்சிஜனை எடுத்துக் கார்பன் டை ஆக்சைடை விடுகிறது. அதன் அளவு மிகச் சொற்பம் என்பதால் படுக்கையறையில் வைப்பதில் ஆபத்து எதுவும் இல்லை. ஆதாயமும் இல்லை.

ஆக, புதுப் பலகையின் நெடி போக ஜன்னலைத் திறக்க வேண்டும். கொசுவுக்கு வலை கட்ட வேண்டும். சமைக்கும்போது எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட வேண்டும். வீட்டில் ஆஸ்துமா உள்ள குழந்தை இருந்தால் இந்த வேலைகளைத் தொட்டியின் தலையில் கட்டிவிட்டுச் சும்மா இருப்பது தவறு.

தூசு பிடிக்கும் இலை

ஆவியை விட்டுத் தூசுக்கு வந்தால் செடியின் கை கொஞ்சம் ஓங்குகிறது. போலந்து விஞ்ஞானிகள் ஸ்பைடர் பிளான்ட்டுகளை ஐந்து வெவ்வேறு இடங்களில் வைத்துப் பார்த்தார்கள்: பல் மருத்துவமனை, வாசனைத் திரவியம் நிரப்பும் அறை, புறநகர் வீடு, அடுக்குமாடிக் குடியிருப்பு, அலுவலகம். ஒவ்வோர் இடத்திலும் செடிக்குப் பக்கத்தில் அலுமினியத் தகடுகளையும் வைத்தார்கள். புவியீர்ப்பால் தானாக விழும் தூசுதான் இலையில் படிகிறது என்றால் தகட்டிலும் அதே அளவு படிய வேண்டும் அல்லவா? படியவில்லை. ஐந்து இடங்களிலும் இலை பிடித்து வைத்திருந்தது தகட்டைவிட அதிகம். இலையின் மேல் உள்ள மெழுகுப் பூச்சுக்குள்ளேயே நுண்துகள்கள் சிக்கியிருந்தன. 2015-ல் வெளியான இந்த ஆய்வின் அழகு அதன் எளிமை. மூடிய பெட்டி இல்லை, மனிதர்கள் வந்துபோகும் சாதாரண அறைகளில் நடந்தது.

இதிலிருந்து ஒரு நடைமுறைப் பாடம் கிடைக்கிறது. இலை தூசைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டுமானால் அதைக் கழுவிவிட வேண்டும். வாரம் ஒருமுறை தொட்டியைக் குளியலறைக்குக் கொண்டுபோய் இலைமேல் தண்ணீர் தெளித்தால் போதும். பளபளப்பாக்க எண்ணெய் தடவும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுவது நல்லது. அது இலையின் துளைகளை அடைக்கும்.

கண்ணுக்கும் மனதுக்கும்

வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் வர்ஜீனியா லோர், ஜன்னலே இல்லாத ஒரு கணினி அறையைத் தேர்ந்தெடுத்தார். திரையில் தோன்றும் வடிவத்தைப் பார்த்ததும் பொத்தானை அழுத்தும் வேலையைச் சிலருக்குச் செடிகள் வைத்த அறையிலும் சிலருக்குச் செடி இல்லாத அறையிலும் கொடுத்தார். செடிகளுக்கு நடுவே இருந்தவர்கள் 12 சதவீதம் வேகமாகச் செயல்பட்டார்கள். வேலையின்போது ஏறிய ரத்த அழுத்தமும் அவர்களுக்குக் குறைவு. 1996-ல் வெளியான முடிவு இது. கொரியாவில் 24 இளைஞர்களை வைத்து 2015-ல் நடந்த ஆய்வு வேறு கோணத்தில் போனது. ஒரு வேளை கணினியில் வேலை, இன்னொரு வேளை தொட்டிச் செடியை மாற்றி நடும் வேலை. மண்ணைத் தொட்டு வேலை செய்த பிறகு அவர்களின் உடல் பதற்றம் தணிந்திருந்தது, கீழ்நிலை ரத்த அழுத்தமும் இறங்கியிருந்தது.

இரண்டுமே சிறிய ஆய்வுகள்தான். ஆனாலும் இவை சொல்வதை நம்புவதற்குக் காரணம் இருக்கிறது. நாள் முழுக்கத் திரையைப் பார்த்த கண், இரண்டு நிமிடம் ஓர் இலையைப் பார்ப்பதற்கு ஏங்குவது யாருக்கும் தெரிந்த அனுபவம். துளசி மாடம் வைக்க முற்றம் இல்லாத, பால்கனிகூட இல்லாத ஒற்றைப் படுக்கையறை ஃபிளாட்டில் அந்த இலை எங்கிருந்து வரும்? ரோஜாவுக்கு வெயில் வேண்டும். மல்லிகைக்கும் வேண்டும். ஸ்பைடர் பிளான்ட்டுக்கு ஜன்னல் வெளிச்சம் போதும்.

செடி வளர்த்துப் பழக்கமில்லாதவர்கள் கையிலும் இது பிழைத்துக்கொள்ளும் என்பதுதான் இதன் மிகப் பெரிய நன்மை என்று சொல்லத் தோன்றுகிறது. முதல் செடி வாடிச் செத்தால் மனம் விட்டுப்போய் இரண்டாவது செடியே வாங்காதவர்கள் பலர். முதல் செடி தழைத்துவிட்டால் கதை வேறு.

வேரில் இருக்கும் சூட்சுமம்

தொட்டியிலிருந்து மெதுவாக எடுத்துப் பார்த்தால், வெள்ளை வெளேரென்று, சதைப்பிடிப்பான கிழங்கு வேர்கள் தொட்டியைச் சுற்றிச் சுருண்டு கிடக்கும். அதில்தான் தண்ணீரைச் சேமித்து வைக்கிறது. பொங்கலுக்கு ஊருக்குப் போய் ஒரு வாரம் கழித்துத் திரும்பி வந்தாலும் செடி உயிரோடு இருப்பதற்கு இந்தக் கிழங்குகளே காரணம். ஓரிரு ஆண்டுகளில் இவை பெருத்து, மெல்லிய பிளாஸ்டிக் தொட்டியை வெடிக்கவைப்பதும் உண்டு. அப்போது பெரிய தொட்டிக்கு மாற்ற வேண்டும், அல்லது கத்தியால் வேரோடு இரண்டாகப் பிரித்து நட வேண்டும்.

இந்தச் சேமிப்புப் பழக்கம் பிறந்த ஊரில் கற்றது. தாவரவியலில் குளோரோஃபைட்டம் கோமோசம் எனப்படும் இது ஆப்பிரிக்காவின் வெப்பமண்டலப் பகுதிகளிலும் தென்னாப்பிரிக்காவிலும் இயற்கையாக வளர்வது. தாவரவியலாளர் லின்னேயஸின் மாணவரான ஸ்வீடன் நாட்டு கார்ல் பீட்டர் துன்பெர்க் 1794-ல் இதை முதன்முதலாக அறிவியல் முறையில் பதிவுசெய்தார். தென்னாப்பிரிக்காவின் நுகுனி மக்கள் அதற்கு முன்பே இதை அறிந்திருந்தவர்கள். கர்ப்பிணியும் பிறக்கப்போகும் குழந்தையும் தங்கும் அறையில் காவலாக இந்தச் செடியை வைப்பது அவர்கள் வழக்கம். நாசா பெட்டியில் அடைத்துச் சோதிப்பதற்கு வெகு காலத்துக்கு முன்பே, ஒரு சமூகம் தாயும் சேயும் இருக்கும் அறைக்கு ஏற்ற செடி இதுதான் என்று தேர்ந்தெடுத்திருக்கிறது.

நமக்கும் இந்தக் குடும்பத்தோடு உறவு உண்டு. நாட்டு மருந்துக் கடைகளில் அதிக விலைக்குப் போகும் சஃபேத் முஸ்லி, இதே குளோரோஃபைட்டம் பேரினத்தின் இன்னொரு செடிதான். அறிவியல் பெயரில் மும்பையின் போரிவலியைத் தாங்கி நிற்கும் அது மேற்கு இந்தியாவின் காட்டுச்செடி. காட்டில் அளவுக்கு மீறித் தோண்டி எடுத்ததால் அருகிவிட்டது. உறவு என்பதற்காக வீட்டு ஸ்பைடர் பிளான்ட்டின் கிழங்கை யாரும் மருந்தென்று சாப்பிட்டுப் பார்க்கக் கூடாது.

இலை நுனி ஏன் கருகுகிறது?

ஸ்பைடர் பிளான்ட் வளர்ப்பவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. நன்றாகத்தான் வளர்கிறது, ஆனால் இலை நுனி மட்டும் பழுப்பாகிக் காய்ந்துபோகிறது. பூச்சி என்று நினைத்து மருந்தடிப்பவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் குற்றம் தண்ணீரில் இருக்கும்.

இந்தச் செடி ஃபுளோரைடைத் தாங்காது. வேர் உறிஞ்சும் ஃபுளோரைடு இலை நுனிவரை போய், தண்ணீர் ஆவியான பிறகு அங்கேயே தங்கிச் செல்களைக் கொல்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பது தெரிந்த செய்தி. பற்களையும் எலும்பையும் பாதிக்கும் அந்தத் தண்ணீருக்கு மாற்றாகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் செயல்பாட்டுக்கு வந்தது. அப்படிப்பட்ட போர் தண்ணீரை ஊற்றினால் நுனி கருகுவதில் வியப்பில்லை. சென்னையின் உப்புத் தண்ணீரும் இதே வேலையைச் செய்யும். உரம் அதிகமானாலும், ஏசி காற்று நேராக அடித்தாலும் நுனி காயும் என்பதால், கருகலை மட்டும் பார்த்துத் தண்ணீரின் தரத்தை முடிவுசெய்துவிட முடியாது.

குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரைத் திறந்த பாத்திரத்தில் இரவு முழுக்க வைத்திருந்து மறுநாள் ஊற்றினால் குளோரின் பெருமளவு போய்விடும். ஃபுளோரைடும் உப்பும் அப்படிப் போகாது. ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவுக் குழாயில் வரும் தண்ணீரில் உப்பு செறிந்திருக்கும். மிச்சப்படுத்துகிறோம் என்று அதைத் தொட்டியில் ஊற்றக் கூடாது. மழைத் தண்ணீர் கிடைத்தால் அதற்கு நிகர் வேறில்லை. ஐப்பசி, கார்த்திகையில் மொட்டை மாடியில் ஒரு பக்கெட் வைத்துப் பிடித்துக்கொள்ளலாம். சூப்பர் பாஸ்பேட் உரத்திலும் ஃபுளோரைடு இருப்பதால் அதைத் தவிர்த்து, மாதம் ஒரு கைப்பிடி மண்புழு உரம் போட்டால் போதும்.

மற்றபடி பராமரிப்பு பெரிய வித்தை அல்ல. செம்மண், மண்புழு உரம், கொஞ்சம் கோகோபீட் கலந்த மண். அடியில் துளையுள்ள தொட்டி. மேல்மண் காய்ந்த பிறகு தண்ணீர். உச்சி வெயில் நேராகப் பட்டால் இலை வெளிறிக் கருகும். காலை வெயில் படும் கிழக்கு ஜன்னல் பொருத்தமான இடம். இருட்டு மூலையில் வைத்தால் சாகாது, ஆனால் வெள்ளைக் கோடு மங்கிவிடும்.

தொட்டிக்குக் கீழே வைக்கும் தட்டு பற்றிச் சொல்லாமல் விட முடியாது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அந்தத் தட்டில் தேங்கும் அரை அங்குலத் தண்ணீர் போதும். முட்டையிலிருந்து கொசுவாக ஏழெட்டு நாளே ஆகும். முட்டையோ பாத்திரத்தின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஆகவே தட்டைக் கவிழ்த்தால் மட்டும் போதாது, வாரம் ஒருமுறை நாரால் தேய்த்துக் கழுவ வேண்டும். கண்ணாடி பாட்டிலில் தண்ணீரிலேயே வளர்ப்பவர்கள் வாய்ப் பக்கத்தைப் பஞ்சால் அடைத்து, வாரந்தோறும் தண்ணீரை மாற்ற வேண்டும்.

தவழும் குழந்தைக்கும் பூனைக்கும்

கையில் கிடைத்ததை வாயில் வைக்கும் வயதில் குழந்தை இருக்கும் வீட்டில் எந்தச் செடி வைப்பது என்பது சின்ன விஷயமல்ல. அழகுக்காகப் பலரும் வைக்கும் டிஃபன்பேக்கியாவின் இலையில் கால்சியம் ஆக்சலேட் ஊசிப் படிகங்கள் இருக்கின்றன. கடித்தால் நாக்கும் தொண்டையும் வீங்கும். மணி பிளான்ட்டிலும் அதே படிகங்கள் உண்டு. ஸ்பைடர் பிளான்ட்டில் அந்தத் தொல்லை இல்லை. பூனைகளுக்கும் நாய்களுக்கும் நஞ்சற்ற செடிகளின் பட்டியலில் அமெரிக்காவின் விலங்குவதைத் தடுப்புச் சங்கம் இதைச் சேர்த்திருக்கிறது. தொங்கும் இலையைப் பிடித்து இழுப்பதிலும் கடிப்பதிலும் பூனைகளுக்குத் தனி ஆசை என்பதால் இந்தத் தகவல் முக்கியம். அதிகம் தின்றால் வாந்தி எடுக்கலாம். தொட்டியை உயரத்தில் தொங்கவிட்டால் செடிக்கும் பூனைக்கும் நல்லது.

ஒன்று பலவாகும் விதம்

நன்கு வேரூன்றிய செடி, நடுவிலிருந்து நீண்ட தண்டுகளை வெளியே நீட்டும். அதில் சிறு வெள்ளைப் பூக்கள் பூத்து, பிறகு அதே இடத்தில் குட்டிச் செடிகள் உருவாகி, தொட்டி விளிம்புக்கு வெளியே தொங்கும். வாழை தன் காலடியில் கன்று விடும். இது அந்தரத்தில் விடுகிறது. பகல் குறுகி இரவு நீளும் காலத்தில் கன்றுகள் அதிகம் வரும். அதனால் நள்ளிரவு வரை டியூப்லைட் எரியும் கூடத்தில் இருப்பதைவிட, சூரியனோடு இருட்டும் ஜன்னலோரத்தில் கன்று விடும் வாய்ப்பு கூடுதல்.

ஜெர்மானியக் கவி கதே, 1820-களின் இறுதியில் வைமர் நகரில் இந்தச் செடியை வளர்த்தார். தாவரங்களின் உருமாற்றம் பற்றி நூலே எழுதியவர் அவர். பூ இருந்த தண்டில் முழுச் செடி ஒன்று தோன்றுவதைக் கண்டு வியந்து, கன்றுகளை நண்பர்களுக்குக் கொடுத்து வளர்க்கச் சொன்னார்.

நம் வீட்டிலும் அதைச் செய்யலாம். கன்றின் அடியில் வெள்ளையாகச் சிறு வேர் முளைகள் தெரியும் வரை காத்திருக்க வேண்டும். பிறகு தாய்ச் செடியிலிருந்து வெட்டாமலேயே, பக்கத்தில் ஈர மண் நிரப்பிய சின்னக் கோப்பையை வைத்து, கன்றை அதன்மேல் அமர்த்தி, வளைத்த கம்பியால் அழுத்திவிட்டால் இரண்டு மூன்று வாரத்தில் வேர் பிடித்துக்கொள்ளும். லேசாக இழுத்துப் பார்த்தால் பிடிப்புத் தெரியும். அப்போது தண்டை வெட்டலாம். அவசரம் என்றால் கன்றை வெட்டித் தண்ணீரில் வைத்தும் வேர் விடவைக்கலாம். இலை தண்ணீரில் மூழ்கினால் அழுகும் என்பதால் அடிப்பகுதி மட்டும் நனைய வேண்டும். வேர் இரண்டு அங்குலம் வந்ததும் மண்ணுக்கு மாற்றி, முதல் வாரம் வெயில் படாத இடத்தில் வைத்துவிட்டு, பிறகு யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம்.